பசித்த வேர், பசியாறிய வேர்

வேர் கழுவுவதற்கென்று ஒரு வேலை இருக்கிறது என்பதே முப்பத்தாறு வயதுவரை அவளுக்குத் தெரியாது. அதுவரை ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் போர்வை அலசிக்கொண்டிருந்தாள். அங்கே பெரிய இயந்திரங்கள் வந்து ஆட்களைக் குறைத்தபோது, ஊர் எல்லையில் இருக்கும் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் குடுவை கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தாள்.

சேர்ந்த பதினோராம் நாள், பசுமைக்குடிலில் தொட்டிச் செடிகளைப் பிடுங்கி அலசும் ஆள் வரவில்லை. "குடுவை கழுவற கைதானே, வேரையும் கழுவட்டும்" என்று யாரோ சொல்ல, முழங்கால் உயர மக்காச்சோளச் செடி ஒன்றை மண்ணோடு அவள் முன் வைத்தார்கள். வழக்கமான ஆள் என்றால் குழாயடியில் பிடித்துப் பீய்ச்சியடித்துப் பத்து நிமிடத்தில் வேலையை முடித்திருப்பான். மண்ணும் போயிருக்கும், வேரில் பாதியும் போயிருக்கும். இவளுக்கு அந்த வழக்கம் தெரியாது. தெரியாததுதான் நல்லதாகப் போயிற்று.

வீட்டில் அவள் மகளுக்குச் சுருட்டை முடி. தினம் காலையில் சிக்கெடுத்து எடுத்து, எங்கே பிடித்தால் வலிக்காது, எங்கிருந்து தொடங்கினால் அறாது என்பது விரல்களுக்கே பழகியிருந்தது. மண்கட்டியை அப்படியே ஒரு டப் தண்ணீரில் உட்காரவைத்தாள். ஊறட்டும் என்று விட்டாள். பிறகு நுனியிலிருந்து தொடங்கி, தண்ணீருக்குள்ளேயே கையை அசைத்து அசைத்து மண்ணைக் கழற்றினாள். கலங்கிய தண்ணீரை நாலு முறை மாற்றினாள். ஒன்றரை மணி நேரம் கழித்து, வெள்ளைத் தட்டில் நல்ல தண்ணீர் விட்டு அதில் செடியைக் கிடத்தியபோது, அவளே இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுவிட்டாள்.

மேலே ஆறு இலைதான். கீழே தட்டு கொள்ளாமல் பரந்து கிடந்தது வேர். தடித்தது, அதிலிருந்து மெலிந்தது, அதிலிருந்து நூல், நூலிலிருந்து புகை மாதிரி என்னவோ. தண்ணீர் அசைந்தால் அதுவும் அசைந்தது. உயிரோடு இருக்கிற ஒன்றை இதுவரை தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தோமோ என்று அவளுக்குத் தோன்றியது.

அந்தப் பக்கம் வந்த மண்ணியல் டாக்டரம்மா தட்டைப் பார்த்துவிட்டு நடையை நிறுத்தினார். ஊசி போடுகிற டாக்டர் அல்ல, படித்து வாங்கிய டாக்டர். ஐம்பதை நெருங்கியவர், வேகமாக நடப்பவர், நின்று பேசிப் பார்த்தவர்கள் குறைவு.

"இதை யார் கழுவினது?"

"நான்தாங்க. தப்பாயிடுச்சுங்களா?"

"தப்பா? இருபது வருஷமா இந்த வேலைல இருக்கேன். முழு வேரை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

அன்றோடு குடுவை போயிற்று. அவள் வேரக்கா ஆனாள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கத் தாமதமாகும்.

ஒன்பது வருடங்கள் வேர் கழுவினாள். பசுமைக்குடிலின் வடக்கு மூலையில் நீளமான சிமெண்டு மேடை, அதன்மேல் ஐந்து டப்கள், பக்கத்தில் மூன்று வெள்ளைத் தட்டுகள், ஒரு மர முக்காலி. மேடையின் கீழே மூடி போட்ட நீல டிரம். நச்சு கலந்த மண்ணைக் கழுவினால் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது, டிரம்மில்தான் சேர்க்க வேண்டும். நச்சு என்றால் ஆர்செனிக். ஆழ்துளைக் கிணறு தோண்டத் தோண்ட, சில இடங்களில் அடிப்பாறையிலிருந்து தண்ணீரோடு சேர்ந்து அதுவும் மேலே வந்துவிடுகிறது. பாய்ச்சப் பாய்ச்ச மண்ணில் தங்கி, மண்ணிலிருந்து பயிருக்குள் ஏறுகிறது. அதை எப்படித் தடுப்பது என்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி.

ஒன்பதாவது வருடம் நீர்வளர்ப்புச் சோதனை ஒன்று நடந்தது. மண்ணே கிடையாது. மூடியில் துளையிட்ட வாளிகளில் சத்துத் தண்ணீர், துளையில் செடி, மீன்தொட்டிக்கு வைக்கிற மாதிரி சின்ன பம்பு ஓயாமல் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். எல்லா வாளியிலும் ஒரே அளவு ஆர்செனிக். பாதி வாளிகளில் மணிச்சத்து குறைவு, பாதியில் தாராளம். மணிச்சத்து என்று உழவர்கள் சொல்வதைத்தான் நிலையத்தில் பாஸ்பரஸ் என்பார்கள்.

மூன்று வாரம் கழித்து வேரக்கா மூடிகளைத் தூக்கிப் பார்த்தாள். மணிச்சத்து குறைந்த வாளிகளில் வேர் விரல் நீளத்தோடு நின்று, பழுப்பேறி, தொட்டால் வழுக்கியது. தாராளமாகக் கொடுத்த வாளிகளில் முழங்கை நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று தொங்கியது. அவள் ஒரு மூடியை இடது கையிலும் இன்னொன்றை வலது கையிலும் பிடித்தபடி டாக்டரம்மாவின் அறைக்கே போய்விட்டாள். தரையெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"அம்மா, ரெண்டுலயும் விஷம் ஒரே அளவுதானே?"

"ஒரே அளவுதான்."

"அப்புறம் எப்படிங்க?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பாஸ்பரஸும் இந்த ஆர்செனிக்கும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். செடிக்கு வித்தியாசம் தெரியாது. பாஸ்பரஸை உள்ள இழுக்கறதுக்குன்னு வேர்ல சின்னச் சின்ன வாசல் இருக்கு. அதே வாசல்ல இதுவும் நுழைஞ்சிடுது. வாசல்ல பாஸ்பரஸ் கூட்டமா நின்னா, இதுக்கு வழி கிடைக்கறது கஷ்டம். பாஸ்பரஸ் கிடைக்காத செடி என்ன பண்ணும்? பசியில இன்னும் நாலு வாசல் திறந்து வைக்கும். வர்றது யாருன்னு பார்க்காது."

"உள்ள போய் என்ன பண்ணுதுங்க?"

"பாஸ்பரஸோட நாற்காலில உட்காந்துக்கும். செடியோட மூச்சு, வளர்ச்சி எல்லாம் ஓடறது பாஸ்பரஸ் செய்யற வேலையிலதான். இதுக்கு அந்த வேலை தெரியாது. உட்காந்த அடுத்த நொடி கட்டு அவிழ்ந்து எல்லாம் சிதறிடும்."

வேரக்கா மூடிகளைப் பார்த்தபடி நின்றாள். மனிதர்கள் ஆள்மாறாட்டம் செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கண்ணுக்கே தெரியாத ஒரு பொடி அதைச் செய்யும் என்பதும், அதை இன்னொரு பொடி வாசலிலேயே மறித்து நிற்கும் என்பதும் அவளை மெய்சிலிர்க்க வைத்தது. அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

வீட்டுக்குப் போனதும் கணவனிடம் சொன்னாள். அவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். எதைச் சொன்னாலும் பேருந்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

"இதுல என்ன அதிசயம்? என் பஸ்ல டிக்கெட் இல்லாம ஏற ஒருத்தன் வர்றான்னு வை. வாசல்ல ஆள் நெரிசலா இருந்தா ஏற முடியுமா? காலியா இருந்தா மகாராஜன் மாதிரி ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிச்சுக்குவான்."

"உங்க பஸ்ல கண்டக்டர் இருக்காரு. செடிக்கு யாரு இருக்கா?"

"அதான் நீ இருக்கியே" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவளுக்கு நாத்தனாரின் ஞாபகம் வந்தது.

கணவனின் மூத்த சகோதரி அவர். நாற்பது நிமிடத் தொலைவில், கால்வாய்த் தண்ணீர் நின்றுபோனதால் ஆறு வருடத்துக்கு முன் ஆழ்துளைக் கிணறு போட்டு மக்காச்சோளம் பயிரிட்டு வந்தார். மூன்று பருவமாகப் பயிர் தேறவில்லை. தண்ணீரைச் சோதித்துப் பார்த்ததில் ஆர்செனிக் இருக்கிறது என்று சீட்டும் வந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேரக்கா அங்கே போனாள்.

"அண்ணி, சூப்பர் பாஸ்பேட் நல்லா தாராளமா போடுங்க. மணிச்சத்து இருந்தா விஷம் உள்ள நுழையாது. நான் படிச்சு சொல்லலை, ரெண்டு கண்ணால பார்த்துட்டு வந்து சொல்றேன்."

நாத்தனார் லேசில் யார் பேச்சையும் கேட்பவர் அல்ல. உரக்கடைக்காரரையே நாலு கேள்வி கேட்டு விழி பிதுங்க வைப்பவர். ஆனால் தம்பி மனைவியின் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு உரம் போட்டார். மூட்டைகள் தீர்ந்துபோனதால் வயலின் கிழக்கு மூலை மட்டும் விடுபட்டது.

நாற்பது நாள் கழித்து நாத்தனார் ஆராய்ச்சி நிலையத்தின் வாசலிலேயே வந்து நின்றார். கையில் ஈரச் சாக்கு. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"பாரு" என்று சாக்கை அவள் காலடியில் வைத்தார். உள்ளே இரண்டு செடிகள். ஒன்று இடுப்பளவு, வெளிர்ப் பச்சை. இன்னொன்று அதில் பாதிகூட இல்லை, இலை விளிம்பெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது.

"இந்த ரெண்டுல எதுக்கு உரம் போட்டேன்னு நினைக்கறே?"

வேரக்கா உயரமான செடியைக் காட்டினாள்.

"இல்லை. அது உரம் எட்டாத மூலையில நின்னது. நீ சொன்னபடி போட்ட வயல் பூரா இப்படித்தான் கிடக்கு." குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "உன்னை நம்பித்தான் போட்டேன்." திரும்பி நடந்துவிட்டார்.

அவள் சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, மதியச் சாப்பாட்டைத் தொடாமல் அந்த இரண்டு செடிகளையும் கழுவினாள். உரம் போட்ட செடியின் வேர் வாளியில் பார்த்த அதே பழுப்பு, அதே வழுக்கல். தட்டோடு டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

டாக்டரம்மா தட்டின்மேல் குனிந்து பார்த்தார். பிறகு, "நான் தண்ணியில பார்த்தது அது. மண்ணுல என்ன ஆகும்னு நான் யாருக்கும் சொல்லலையே அக்கா" என்றார்.

"நீங்க சொல்லலைங்க. நான் சொல்லிட்டேன்."

டாக்டரம்மா எழுந்து வந்து அவள் கையிலிருந்த தட்டை வாங்கி மேசையில் வைத்தார். "சரி. அந்த வயல்லேர்ந்து மண் எடுத்துட்டு வரச் சொல்றேன். என்னன்னு பார்த்துடலாம்."

இருபத்து நான்கு தொட்டிகளில் நாத்தனாரின் வயல்மண் நிரப்பப்பட்டது. பன்னிரண்டில் மணிச்சத்து கலந்தது, பன்னிரண்டில் கலக்காதது. தொட்டிகளில் வெறும் எண்கள்தான். எந்த எண்ணில் என்ன என்ற பட்டியல் ஒரே ஒருவரிடம் இருந்தது. டாக்டரம்மாவிடம் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் அவர். முப்பது வயது, எதையும் இரண்டு முறை எடை போடுகிறவர், குடிலில் அவருக்குத் 'தராசு' என்று பெயர். வேரக்காவின் பொறுப்பு தண்ணீர் ஊற்றுவது, முடிவில் கழுவுவது.

ஆறாவது வாரம் கழுவி முடித்து, வேர்களைச் சாராயக் கரைசல் ஊற்றிய கண்ணாடிச் சாடிகளில் அடைத்து, தொட்டி எண் எழுதிய பட்டையை ஒட்டிக் கொடுத்தாள். தராசு இலைகளை எடை போட்டார், பட்டியலோடு ஒப்பிட்டார், நெற்றியைச் சுருக்கினார். மணிச்சத்து கொடுத்த செடிகள்தான் குன்றியிருந்தன. தண்ணீரில் நடந்ததற்கு நேர்மாறு.

"அக்கா, மேசை துடைக்கறப்போ தொட்டியை இடம் மாத்தி வெச்சீங்களா?"

"இல்லை தம்பி."

"கழுவறப்போ பட்டை மாறியிருக்குமோ?"

"மாறலை."

"ரெண்டு பக்கமும் அப்படியே தலைகீழா வருதுன்னா பட்டைதான் மாறியிருக்கணும். தப்பு யாருக்கும் நடக்கும், நான் குறை சொல்லலை." சொல்லிக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினார். அவர் போனதும் அவள் எட்டிப் பார்த்தாள். 'கழுவும் இடத்தில் பட்டை மாற்றம். முடிவு ஏற்கத்தக்கதல்ல.'

ஒன்பது வருடத்தில் ஒரு வேர்நூலைக்கூட அறுத்துவிட்டாளென்று அவளுக்குக் கெட்ட பெயர் வந்ததில்லை. கணவர், "எழுதினா எழுதிட்டுப் போறாரு, விட்டுத்தள்ளு" என்றார். அவளால் விட முடியவில்லை. அவளுடைய பெயர் மட்டும் என்றால் விட்டிருப்பாள். முடிவு செல்லாது என்றாகிவிட்டால், நாத்தனார் வயலில் நடந்ததும் இல்லை என்றாகிவிடுமே!

மறுநாள் காலை, தராசும் டாக்டரம்மாவும் இருக்கும்போது போய் நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா? எல்லாச் சாடிலயும் எண்பட்டையை மறைச்சுடுங்க. வேரை மட்டும் எனக்குக் காட்டுங்க. எது பசியில கிடந்த செடி, எது மணிச்சத்து சாப்பிட்ட செடின்னு நான் பிரிச்சு வைக்கறேன். அப்புறம் பட்டியலைப் பாருங்க."

"வேரைப் பார்த்து அது தெரியுமா?" என்றார் தராசு.

"கழுவறவங்களுக்குத் தெரியும் தம்பி."

டாக்டரம்மாவே உட்கார்ந்து இருபத்து நான்கு சாடிகளிலும் பட்டையின்மேல் காகிதம் சுற்றி ஒட்டினார். சாடிகளைக் கலைத்துப் போட்டார். வேரக்கா கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வேராகத் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டாள்.

பசித்த செடியின் வேர் தேடும். அது அவள் விரலுக்குத் தெரிந்த விஷயம். மெலிந்து நீண்டு, உடம்பெல்லாம் மயிரிழை மாதிரி தூவி முளைத்து, வெல்வெட்டைத் தடவுவது போல இருக்கும். எட்டாத இடத்தையெல்லாம் எட்டிப் பார்க்கிற அவசரம் அதில் இருக்கும். வயிறு நிறைந்த செடியின் வேருக்கு அந்த அவசரம் கிடையாது. தடித்து, மொழுமொழுவென்று, தூவி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். விஷம் தாக்கி நுனி பழுத்திருந்தாலும், நுனிக்கு மேலே அந்தப் பழைய குணம் அப்படியே இருந்தது. நோயில் விழுந்த ஆளின் முகத்திலும் அவர் யாரென்று தெரிவதில்லையா, அப்படி.

இடப்பக்கம் பசித்தது, வலப்பக்கம் பசியாறியது என்று வைத்துக்கொண்டே போனாள். ஒரே ஒரு சாடியில் கை தயங்கியது. வேர் பாதி அழுகியிருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டுக் கடைசியில் மறுபடி எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அழுகாத ஒரு கிளையை மட்டும் உற்றுப் பார்த்து, வலப்பக்கம் வைத்தாள்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் காகிதத்தைக் கிழித்து எண்ணைப் படிக்க, தராசு பட்டியலைப் பார்த்துச் சொன்னார். "கொடுத்தது... கொடுத்தது... கொடுக்காதது..." ஏழாவது எட்டாவதுக்கே அவர் குரல் இறங்கிவிட்டது. இருபத்து நான்கும் சரியாக இருந்தன.

"பட்டை மாறலை அக்கா" என்றார் தராசு. குறிப்பேட்டைத் திறந்து முந்தைய நாள் வரியைத் தன் கையாலேயே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் சட்டென்று முகம் மாறி, "அப்படின்னா மண்ணுல நிஜமாவே தலைகீழாத்தான் நடக்குதா!" என்றார்.

அந்தக் கேள்வியோடு டாக்டரம்மா ஒரு வாரம் மண்ணைக் கலக்கிக் கலக்கிப் பார்த்தார். மண்ணின் ஈரத்தைப் பிழிந்தெடுத்துச் சோதித்ததில் விஷயம் வெளியே வந்தது. மணிச்சத்து கலந்த தொட்டிகளின் ஈரத்தில் ஆர்செனிக் பல மடங்கு மிதந்தது. அதை வேரக்காவுக்குப் புரியும்படி அவர் சொல்லி, வேரக்கா வீட்டில் போய்ச் சொல்ல, இந்த முறையும் கணவர் பேருந்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மண்ணுல ஒரு துரு இருக்காம். இரும்புத் துரு. இந்த விஷம் பாட்டுக்கு அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உட்காந்திருக்குமாம். வேர்கிட்ட வராது. நம்ம போட்ட மணிச்சத்து போயி அந்த இடத்தைப் பிடிச்சுக்கிச்சு. இது எழுந்து ஈரத்துக்கு வந்துடுச்சு" என்றாள் வேரக்கா.

"அதாவது, சீட்டுல தூங்கிட்டிருந்தவனை நாமளே தட்டி எழுப்பி, வாசலுக்குத் துரத்திவிட்டுட்டோம்."

"ஆமாங்க" என்றாள். சிரிப்பு வரவில்லை. "வாளியில சீட்டே இல்லை. வெறும் வாசல்தான். அதனால அங்க மணிச்சத்து காவல் காத்தது. அதே மணிச்சத்து, மண்ணுல போயி..."

ஒரே பொருள், இரண்டு இடம், இரண்டு குணம். தான் கண்ணால் பார்த்தது பொய் இல்லை. நாத்தனார் பார்த்ததும் பொய் இல்லை. இரண்டு உண்மையும் கைகோத்துக்கொண்டு நின்ற விதத்தில் அவளுக்கு மலைப்பு வந்தது. மண் என்றால் கால் அழுக்கு என்று எத்தனை வருடம் நினைத்திருந்தாள்! அதற்குள் இப்படி யார் யாரோ இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் மலைத்து நின்றால் வயல் பச்சையாகிவிடாதே. மணிச்சத்து போடாவிட்டால் செடி பசியில் வாசலையெல்லாம் திறந்து வைக்கும். போட்டால் மண் விஷத்தை எழுப்பிவிடும். இரண்டு நாள் அதையே யோசித்துவிட்டு டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"நாத்தனார் பயறு போடற வருஷம் மணிச்சத்து உரம் டி.ஏ.பி.யை ஊறவெச்சு, தெளிஞ்ச தண்ணியை இலை மேல அடிப்பாங்க. இதுக்கும் மண்ணைத் தொடாம இலைக்கு மட்டும் கொடுத்தா என்னங்க?"

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மூடினார். "நுழையற வழி வேர்ல இருக்கு. நீங்க இலைக்குக் கொடுக்கலாங்கறீங்க. வேருக்கு அது தெரியணுமே."

"கொடுத்துப் பார்த்தா தெரிஞ்சுடும்."

அதே மண், புதிய தொட்டிகள். தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, தண்டைச் சுற்றிப் பஞ்சு அடைத்து, ஒரு துளிகூட மண்ணில் விழாதபடி செய்தார்கள். ஐந்து நாளுக்கொருமுறை வேரக்கா கைத்தெளிப்பானால் இலைகளுக்கு மணிச்சத்துத் தண்ணீர் பனிபோல் அடித்தாள். ஆறு வாரம் போனது.

கழுவுகிற அன்று தராசும் பக்கத்தில் நின்றார். மண் கரைந்து முதல் வேர் தட்டில் விரிந்தபோது வேரக்காவின் கை நின்றுவிட்டது. வேர் மொழுமொழுவென்று இருந்தது. தூவி குறைவு. நுனி முக்கால்வாசி வெள்ளை. பசியாறிய வேர்!

"இந்த வேர் மணிச்சத்தைத் தொடவே இல்லையே தம்பி. மண்ணுல நாம போடவே இல்லையே. மேல இலை சாப்பிட்டது இதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தராசு அவளை நுண்ணோக்கி அறைக்கு அழைத்துப்போனார். ஒன்பது வருடத்தில் அந்த அறைக்குள் அவள் தரை துடைக்கத்தான் போயிருந்தாள். பசித்த வேரின் சிறு துண்டு ஒன்றை வைத்துக் காட்டினார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். கண்ணாடிக் குழல்கள் மாதிரி ஆயிரக்கணக்கில் தூவிகள், ஒவ்வொன்றும் ஒளி ஊடுருவ, நெருக்கியடித்து நின்றன. பிறகு இலைவழி உண்ட செடியின் வேரை வைத்தார். வெட்டவெளி. எங்கோ ஒன்றிரண்டு.

"இலையிலேர்ந்து வேருக்குச் சேதி போகுது அக்கா. 'பசி தீர்ந்துடுச்சு, தேடறதை நிறுத்து'ன்னு. தூவியும் குறையும், நுழையற வாசலும் குறையும். எது அந்தச் சேதியைத் தூக்கிட்டுப் போகுதுங்கறதுல கொஞ்சம் தெரியும். மிச்சத்தை இன்னும் தேடிட்டிருக்கோம்."

அவள் நிமிரவில்லை. வாய் இல்லாத ஒன்று, தன் தலையில் நடந்ததைத் தன் காலுக்குச் சொல்கிறது. அதைச் சொல்கிற பாதையில் தன் கை எத்தனை ஆயிரம் முறை நடந்திருக்கிறது! கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நுண்ணோக்கியில் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. "சரியா தெரியலைங்களா?" என்று தராசு திருகைத் திருப்பினார். "நல்லாத் தெரியுது, நல்லாத் தெரியுது" என்று அவசரமாகச் சொன்னாள்.

சோதனை முடிவு வந்தது. இலைவழி கொடுத்த செடிகளில் ஆர்செனிக், மண்வழி கொடுத்தவற்றைவிட நன்றாகக் குறைந்திருந்தது. எதுவுமே கொடுக்காதவற்றைவிடவும் ஓரளவு குறைவு. அறவே இல்லாமல் போகவில்லை. டாக்டரம்மா விரலை மடக்கிச் சொன்னார்: "இது ஒரு மண்ணு, ஒரு பயிர், ஒரு தடவை. துரு நிறைய இருக்கற மண்ணுல வேற மாதிரி இருக்கும். தண்ணி தேங்கற வயல்ல கதையே வேற. இந்தத் தடவை சொல்றதுக்கு முன்னாடி நானும் வர்றேன்."

இருவரும் சேர்ந்துதான் நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். வாசல் கதவைத் திறந்தவர் டாக்டரம்மாவுக்கு நாற்காலி போட்டார். தம்பி மனைவியைப் பார்க்கவில்லை.

"அண்ணி, நான் பார்த்தது தண்ணியில. மண்ணுல என்ன ஆகும்னு தெரியாம உங்களுக்குச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது" என்றாள் வேரக்கா. சுற்றி வளைக்கவில்லை.

நாத்தனார் டாக்டரம்மாவைப் பார்த்துக் கேள்விகளை ஆரம்பித்தார். எத்தனை நாளுக்கு எவ்வளவு தெளிக்கணும்? வெயில்ல அடிக்கலாமா? மழை வந்தா? கிணத்துத் தண்ணியை என்ன பண்றது? ஒரு மணி நேரம் டாக்டரம்மாவுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கவில்லை. கடைசியில் இப்படி முடிவாயிற்று: ஆழ்துளைத் தண்ணீரை முடிந்தவரை குறைத்து, மேட்டுப் பக்கம் ஒரு குட்டை வெட்டி மழைநீர் சேர்ப்பது. மண்ணில் மணிச்சத்தை அடுத்த பருவம் நிறுத்திவைத்து, இலைவழி கொடுப்பது. முதலில் பாதி வயலில் மட்டும். விளைந்ததை நிலையத்தில் சோதித்த பிறகுதான் வெளியே விற்பது.

அந்தப் பருவம் அமோகம் என்று சொல்ல முடியாது. பழைய விளைச்சலில் முக்கால் பங்கு வந்தது. சோதனையில் மணிகள் தேறின. சோளத்தட்டையில் மட்டும் கொஞ்சம் நச்சு மிச்சமிருந்ததால் மாட்டுக்குப் போடவில்லை. மீதிப் பாதி வயலையும் மாற்றுவதாக நாத்தனார் தம்பியிடம் சொல்லியனுப்பினார். வேரக்காவிடம் நேராக ஒரு வார்த்தை இல்லை.

அறுவடை முடிந்த பத்தாம் நாள் அவர் மறுபடி நிலையத்துக்கு வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பசுமைக்குடிலுக்குள் வந்து, வடக்கு மூலையில் மேடைக்கு எதிரே நின்றார். கையில் வேரோடு, மண்ணோடு பெயர்த்த ஒரு செடி, ஈரத்துணியில் சுற்றியிருந்தது.

"இது இலைக்கு அடிக்காத ரெண்டாவது பாதில நின்னது. உள்ள எப்படி இருக்குன்னு எனக்குப் பார்க்கணும்."

வேரக்கா முக்காலியை நகர்த்திப் போட்டாள். நாத்தனார் உட்காரவில்லை. மண் ஊறுகிற நேரம் முழுக்க நின்றுகொண்டே இருந்தார். தண்ணீர் நாலாம் முறை மாறி, வேர் வெள்ளைத் தட்டில் மெல்ல விரிந்தபோது, அவர் இரண்டு கைகளையும் மேடையில் ஊன்றிக் குனிந்தார். நாற்பது வருடம் விதைத்தவர், களை எடுத்தவர், அறுத்தவர். பிடுங்கி எறிந்த வேர்களுக்குக் கணக்கே கிடையாது.

"இத்தனையும் ஒரு செடிக்கா?" என்றார்.

"ஒரு செடிக்குத்தான் அண்ணி."

"நான் மேல இருக்கறதைத்தான் பயிர்னு நினைச்சிட்டிருந்தேன்."

பிறகு ஒரு மெல்லிய கிளையை விரலால் சுட்டினார். "இது எதைத் தேடிட்டு இவ்வளவு தூரம் போயிருக்கு?" வேரக்கா அவர் கைக்கு ஒரு ஜோடி கையுறையை எடுத்துக் கொடுத்து, பக்கத்தில் நின்று சொல்லத் தொடங்கினாள்.